மறு: இஸ்லாமோபோபியா – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'இஸ்லாமிய அச்சம்' போதாதா? போபியா என்றால் அச்சம்தானே?

அச்சம் என்றால் அஞ்சுகிறவர்மேல் பரிவு வருகிறது, அடிபட்டவர் மறைந்துபோகிறார். தவிர, அடி விழுவது ஆட்கள்மேல். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து முஸ்லிம் என்று எண்ணிவிட்டான் கொலையாளி. எனவே முன்பாதி 'முஸ்லிம்' ஆகட்டும். இஸ்லாமியக் கொள்கையை விமர்சிப்பவரும் தேவையில்லாமல் உள்ளே சிக்கமாட்டார். 1997 அறிக்கையால் இச்சொல்லைப் பரப்பிய பிரிட்டனின் ரன்னிமீட் அறக்கட்டளையே 2017இல் 'முஸ்லிம்களுக்கு எதிரான இனவாதம்' என்று சுருக்கமாக வரையறுத்தது.

> அப்படியானால் 'முஸ்லிம் வெறுப்பு'? ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே.

வசைக்கும் தாக்குதலுக்கும் பொருந்தும், அரசாணைக்கு இடிக்கும். இலங்கையில் கோவிட் சடலங்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரை மாறவில்லை. வர்த்தமானியில் ஒரு வசைச்சொல் கிடையாது. 'வெறுப்பு' என்று பதிந்தால் உள்நோக்கத்தை நிரூபி என்பார்கள். ஆகவே என் பரிந்துரை 'முஸ்லிம் பகைமை'. பகைமைப் பேச்சு, பகைமைக் குற்றம், நிறுவனப் பகைமை என்று கிளைக்கவும் வசதி.

――――

நீங்கள் பரிந்துரைத்த 'முஸ்லிம் பகைமை' சரி, ஆனால் ஒரு சிக்கல். 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் வந்த 'பிரிவினரிடையே பகைமை' காதில் ஊறிவிட்டதால் இருதரப்புச் சண்டைபோல ஒலிக்கிறது. முஸ்லிம்கள் கொள்ளும் பகைமை என்றும் படிக்கலாம். 'முஸ்லிம் எதிர்ப்பகைமை' என்றால் திசை தெளிவு, நீளம்தான் குறை.

பெயர் எதுவானாலும், இத்தகைய சம்பவங்களைப் பற்றித் தமிழில் தரவு திரட்டுபவர்கள் கவனிக்க: முஸ்லிம்களைக் குறிக்கும் 'பாய்' என்ற சொல்லைத் தேடினால் கோரைப்பாயும் பாய்மரமும் 'பாய்ந்தது'ம் வந்து குவியும். எஞ்சுவதிலும் பல, கடைக்காரரை உரிமையோடு அழைப்பது. எந்திரம் சலிக்க மட்டும். பகைமையா இல்லையா என்று குறியிட இருவர், ஒருவர் குறியை மற்றவர் பார்க்காமல். முரண்பட்டால் மூன்றாமவர். இலக்கானவர் யார், தாக்கியவர் அவரை யாராக எண்ணினார் என்பவற்றுக்கு அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். இல்லாவிட்டால் மேசா கொலை எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஒரே சம்பவம் ஐந்து நாளிதழில் வந்தால் தேதியையும் இடத்தையும் ஒப்பிட்டு ஒரு பதிவாக்குங்கள். எண்ணிக்கை ஊதிப்போனால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.