‘பிரனேசி’ படித்தவர்களே, அந்த வீடு உங்களைப் பயமுறுத்தியதா?

கொருக்குப்பேட்டை வாசகி:
சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’யை இரண்டாம் தடவை முடித்த கையோடு எழுதுகிறேன். 2020இல் வந்த நாவல், அடுத்த வருடம் பெண் எழுத்தாளர்களின் நாவலுக்குத் தரும் விமன்ஸ் பிரைஸ் வாங்கியது. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: எல்லையே இல்லாத ஒரு வீடு. கூடத்துக்கு அப்புறம் கூடம், எங்கே பார்த்தாலும் சிலைகள். கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அதில் ஒருவன் மீன் பிடித்து, கடற்பாசி காயவைத்து, நாட்குறிப்பு எழுதி வாழ்கிறான். உயிரோடு அவனுக்குத் தெரிந்த இன்னொரு மனிதர் ஒரே ஒருவர்தான். செவ்வாயும் வெள்ளியும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

முதல் தடவை படித்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. கீழ் வீட்டில் தண்ணீர், நாங்கள் மாடியில். கரெண்ட் இல்லை. அம்மா மணிக்கு ஒரு தடவை மாடிப்படி இறங்கிப் போய், தண்ணீர் நிற்கும் இடத்தில் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுவிட்டு வருவாள். “ஏறலடி, அப்படியே நிக்குது” என்பாள். நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். எந்தக் கூடத்தில் எப்போது நீர் ஏறும் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பாழடைந்த பெரிய வீடும் திகிலுமாக வரும் கோதிக் கதை என்றால் வீடு ஆளை விழுங்க வரவேண்டும். இந்த வீடு என்னைத் தேற்றியது. அன்றைய நிலைமையால் எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதா, இல்லை உங்களுக்கும் அப்படித்தானா? தயவுசெய்து முடிவை மட்டும் யாரும் உடைத்துவிடாதீர்கள்.

காசிமேட்டுப் பையன்:
அக்கா, எனக்கும் பயமே வரவில்லை. தொடக்கத்திலேயே மூன்று ஓதம், அதாவது கடல் நீரேற்றம், ஒன்றுசேர்கிற இடம் வருமே, எட்டு வருடத்துக்கு ஒரு தடவை நடப்பது. சுவரில் ஏறி ஒரு சிலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். தண்ணீர் அவனைப் போட்டு அடிக்கும். அப்போதும் கடல் மேல் அவனுக்குக் கோபம் கிடையாது. எங்கள் தாத்தா அப்படித்தான். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தின் பெயரைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

இன்னொன்று. அந்த வீட்டில் கிடக்கிற எலும்புக்கூடுகளுக்கு அவன் சாப்பாடும் தண்ணீரும் அல்லிப் பூவும் கொண்டுபோய் வைப்பான். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கலாம். அமாவாசைக்குப் படையல் போடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அது விசித்திரமே இல்லை. யார் என்றே தெரியாத பதின்மூன்று பேருக்குச் செய்கிறான் பாருங்கள், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ராயபுரம் ரயிலடி:
எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வீட்டைப் பார்த்து இல்லை, வந்து போகிற அந்த மனிதரைப் பார்த்து. இவன் கந்தலில் நிற்கிறான், அவர் மடிப்புக் கலையாத கோட் சூட்டில் வருகிறார். பிளாஸ்டிக் கிண்ணமும் விட்டமின் மாத்திரையும் கொடுத்தால் இவன் அதற்கே உருகிப்போகிறான். அந்த நன்றியைப் படிக்கப் படிக்க வயிறு கலங்கியது.

பழைய வண்ணாரப்பேட்டை தமிழாசிரியர்:
அம்மா, நல்ல கேள்வி. பிரனேசி என்பது தன் பெயரில்லை என்று அவனே தொடக்கத்தில் சொல்கிறான். அந்தப் பெயர் 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் ஒருவருடையது. கற்பனைச் சிறைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர் அவர். படிகள், வளைவுகள், பாலங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்றே தெரியாது. சிறை வரைந்தவர் பெயரைச் சுமந்துகொண்டு, இருக்கும் இடத்தைச் சிறை என்று ஒரு கணமும் நினைக்காத மனிதன் இவன்.

ஆங்கிலத்தில் வீடு, கூடம், ஓதம் எல்லாவற்றுக்கும் முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஆள் பெயர் போல எழுதுகிறான். தமிழில் பெரிய எழுத்து ஏது? யாராவது மொழிபெயர்த்தால் அந்த மரியாதை போய்விடுமே என்று முதலில் வருந்தினேன். அப்புறம்தான் உறைத்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாலாவதாக வைத்திருக்கிறோமே, அந்த வீடு ‘விடு’ என்பதிலிருந்து வந்தது. குடியிருக்கும் இடத்துக்கும் விடுதலைக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். இந்த நாவலுக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு சொல் நம் கையில் இருக்கிறது. மாளிகை, அரண்மனை என்றெல்லாம் போய்விடாமல் வெறும் ‘வீடு’ என்றே போட்டால் போதும்.

கிளார்க்கின் முதல் நாவல் 2004இல் வந்தது. அதற்கும் இதற்கும் நடுவே நாட்பட்ட சோர்வு நோயால் வெகுகாலம் வீட்டோடு அடைந்து கிடந்தவர். அந்த வீடு ஏன் உங்களைத் தேற்றியது என்பதற்கு இதிலும் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

கொருக்குப்பேட்டை வாசகி:
ஐயா, ‘வீடு’ பற்றி நீங்கள் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மாடிப்படிச் சுவரை மட்டும் அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோடுகள் அப்படியே இருக்கின்றன, ஏழு. கடைசி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, அதற்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. சனிக்கிழமை மூர் மார்க்கெட் போகிறேன், கிளார்க்கின் முதல் நாவல் பழைய புத்தகமாகக் கிடைக்கிறதா பார்க்கவேண்டும்.