டி. எஸ். பாலையா: குரலால் நினைவில் நிற்பவரா, முகத்தாலா?

கேள்வி
பதிந்தவர்: கனகராயன்கரை ஆசிரியை

எங்கள் ஊர், இலங்கையின் வன்னியில் முறிகண்டியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய குடியேற்றக் கிராமம். ஊர் வாசிகசாலையில் மாதம் ஒரு மாலை மூத்தவர்களும் மாணவர்களும் கூடியிருந்து பழைய படங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த மாதம் நடிகர் டி. எஸ். பாலையாவைப் பற்றி நான் பேச வேண்டும்.

அவரைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நான் அவரைக் கேட்டிருக்கிறேன். என் சிறுவயதில் வன்னியில் மின்சாரம் இல்லை. பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு மின்பிறப்பாக்கி கொண்டுவந்து, வீதியோரத்துப் பாலை மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி, ‘திருவிளையாடல்’ வசனத்தைப் போடுவார்கள். பாண்டியன் சபையில் ஏமநாத பாகவதராக அவர் அறைகூவல் விடும் அந்தக் குரல் வயலைக் கடந்து எங்கள் முற்றத்துக்கு வரும்; நாங்கள் சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்று கேட்போம். அந்தக் குரலுக்குரியவர் எப்படி இருப்பார் என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது ஊரில் விசாரித்தால், மூத்தவர்கள் அவரைக் கொடிய வில்லன் என்கிறார்கள். மாணவர்களுக்கோ அவர் சிரிப்பு மூட்டும் அப்பா. 1936இல் தொடங்கி 1972இல் மறையும்வரை நடித்த ஒருவரை எந்த இழையில் கோத்துப் பேசுவது? அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
பதிந்தவர்: முள்ளியவளை அண்ணாவி மகன்

தங்கச்சி, வில்லனாக இருந்தவர் பிறகு நகைச்சுவைக்கு மாறினார் என்று இரண்டு துண்டாக வெட்டிப் பேச வேண்டாம். வாழ்க்கை விபரங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1914இல் அன்றைய திருநெல்வேலிச் சீமையின் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையில் தேறிய பிறகே திரைக்கு வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ அவருடைய முதல் படம், எம். ஜி. ஆருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். அதிலே நண்பனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் ராமநாதன் பாலையாதான். கெட்டுப்போன நாயகன் ஓடிவந்து கூலியாக உழைப்பது எங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்கள் அதை வேறுவிதமாகக் கேட்பார்கள்.

மறு ஆண்டே ‘அம்பிகாபதி’யில் ருத்திரசேனன் என்ற வில்லன். ஆனால் 1949இல் வந்த, அண்ணாத்துரை எழுதிய ‘வேலைக்காரி’யில், ஆத்திரத்தில் கத்தி தீட்டும் நாயகனுக்குப் புத்தியைத் தீட்டச் சொல்லும் நண்பன் மணியாக வருகிறார். ‘தூக்குத் தூக்கி’யில் தமிழை உடைத்துப் பேசும் வடநாட்டுச் சேட். ‘மதுரை வீர’னில் பொம்மியை அடைய நினைக்கும் நரசப்பன், அங்கே பொல்லாத்தனமும் கோழைத்தனமும் ஒரே ஆளுக்குள் இருப்பதால், அவரைப் பார்த்துப் பயப்படவும் முடிகிறது, சிரிக்கவும் முடிகிறது.

எனக்கு அவருடைய சிறப்பெல்லாம் குரலில்தான் இருக்கிறது. என் தகப்பனார் கோவலன் கூத்துப் பழக்கியவர். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில், கூத்து ஆடும் களரிக்குத் தூரத்தில் பாயில் இருப்பவருக்கு ஆடுபவரின் முகம் தெரியாது, குரல் மட்டுமே போய்ச் சேரும் என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாலையா ஒரு சொல்லை இழுத்து, நடுவில் நிறுத்தி, அடுத்த சொல்லைச் சட்டென்று இறக்கும் முறையில் அந்த மேடைப் பழக்கம் கேட்கிறது. ஒலிபெருக்கியில் கேட்ட உங்களுக்கு அவர் முழுமையாகக் கிடைத்தார் என்றே சொல்வேன்.

பதில் 2
பதிந்தவர்: நெடுங்கேணிக்காரன்

அண்ணாவியார் மகன் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. தொண்ணூறுகளில் நான் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியையும் மாட்டு வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகப் படம் போட்டவன். சனம் திரும்பத் திரும்பக் கேட்ட படங்களில் ஒன்று, 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் தன் பேய்க்கதையைச் சொல்லும் காட்சியில் பாலையாவுக்குப் பேச்சு மிகக் குறைவு. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரரான விஸ்வநாதன், கதை போகப் போகத் தன் வயதையும் அதிகாரத்தையும் மறந்து பயந்த பிள்ளையாகிவிடுகிறார். நாகேஷின் வேகம் நமக்குச் சிரிப்பாக வருவது எதிரே அந்த முகம் இருப்பதால்தான். காசு கொடுத்து வந்தவர்கள் அந்த இடத்தில் நாகேஷைப் பார்க்காமல் பாலையாவைப் பார்த்துச் சிரித்ததை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

‘தில்லானா மோகனாம்பா’ளையும் விட்டுவிடாதீர்கள். அதில் சிக்கல் சண்முகசுந்தரத்தின் தவில் வித்துவான் முத்துராக்கு அவர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட காதுகள் உள்ள நாட்டில் தவில்காரராக நடித்துப் பெயரெடுப்பது இலகுவானதன்று. எங்கள் கோயில் மேளக்காரர் ஒருவர், அவருடைய கையை விட, நாதஸ்வரக்காரரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அந்த இருப்பே அச்சாக ஒரு தவில்காரருடையது என்றார்.

பேசும்போது ஒன்று செய்து பாருங்கள்: அந்தப் பேய்க்கதைக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிந்தவர்: கனகராயன்கரை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. நெடுங்கேணி அண்ணன் பேய்க்கதைக் காட்சிக்குச் சொன்ன முறையில், நேற்றிரவு ‘திருவிளையாட’லையே ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ‘ஒரு நாள் போதுமா’ பாட்டில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் இல்லாமலே, அந்தத் தலையசைப்பிலும் சீடர்களைப் பார்க்கும் பார்வையிலும் பாகவதரின் செருக்கு முழுவதும் தெரிந்தது. ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பின்னால் வரும் இடம். விறகு விற்பவனாக வந்த இறைவன் பாடும் ‘பாட்டும் நானே’ பாட்டை அந்த ஒலிபெருக்கியில் எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். அங்கே சௌந்தரராஜனின் குரல் மட்டுமே எனக்குக் கிடைத்தது. அந்தப் பாட்டைக் கேட்டுத் தன் தோல்வியை உணரும் ஒரு மனிதன் அங்கே பேசாமல் இருக்கிறான் என்பது எங்கள் முற்றத்துக்கு வந்து சேரவேயில்லை. எனக்கு மிகவும் பழகிய அந்தக் குரல் அடங்கிப்போகும் இடத்தை இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் கண்டேன்.

ஆகவே வாசிகசாலையில் முதலில் விளக்கை அணைத்து, சபையில் அவர் பேசும் பகுதியைக் குரலாக மட்டும் போடப் போகிறேன். அதன் பிறகு, ஒலியே இல்லாமல், அவர் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகம்.