பழைய கிற்றார் அம்ப்ளிபயர் எந்த ஆண்டுச் சாமான்? வன்னியில் கையில் பட்டவை

கிளிநொச்சியிலிருந்து:

போன மழைக்கு முன்னர் பரந்தன் பக்கத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து ஒரு பழைய அம்ப்ளிபயர் என் மேசைக்கு வந்தது. பெயர்த்தகடு இல்லை. முன்பக்கத் துணியை யாரோ சீலைத்துணியால் மாற்றியிருந்தார்கள். கொண்டுவந்த ஐயா, “தம்பி, இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். என்ர அப்பு சின்னப் பெடியனா இருக்கேக்கையே கோயிலில இருந்தது” என்றார். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். பழைய சாமான் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் போய் நிற்கும்.

பின்பலகையைக் கழற்றியதும் அந்தக் கதை நிற்காது என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தவை இஎல்84 வால்வுகள், அதாவது சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்கள். அந்த வகை வால்வு சந்தைக்கு வந்ததே 1953இல். வால்வை மாற்றலாம், ஆனால் அது குந்தும் ஒன்பது கால் சொக்கெற்றையும் அதைச் சுற்றியுள்ள வயரிங்கையும் எவரும் சும்மா மாற்றமாட்டார்கள். ஆகவே பெட்டி 1953க்குப் பிந்தியது.

வால்வின் கண்ணாடியில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பி ஆண்டு சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கிலாந்து நிறுவனமான முல்லார்ட்டின் வால்வில் அடியில் சிறிதாகப் பொறித்திருக்கும் வரியில் முதல் எழுத்து தொழிற்சாலை (பி என்றால் பிளாக்பர்ன்), பிறகு ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, கிழமைக்கு ஓர் இலக்கம். அழகான முறைதான். ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு வால்வு முல்லார்ட், பக்கத்தில் இருந்தது பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. எது எப்போது போட்டது என்று யாருக்குத் தெரியும்? வால்வு என்பது சைக்கிள் ரயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவது.

மெயின் ட்ரான்ஸ்போமரும் உதவவில்லை. ஜெனரேற்றரில் ஓடிய காலத்தில் எரிந்து, யாரோ திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். சுற்று நல்ல சுத்தமான வேலை, ஆனால் பழைய ஒட்டுத்தாளோ முத்திரையோ ஒன்றும் மிச்சமில்லை. வயர் சிவப்பும் கறுப்பும். இங்கிலாந்தில் 1970 அளவில் அந்த நிறங்கள் மண்ணிறம், நீலம் என்று மாறின. ஆனால் நம் வீடுகளில் சிவப்பு, கறுப்பு வயர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஓடியது, ஆகவே அதை நான் சாட்சிக்கு எடுப்பதில்லை.

கடைசியில் கைகொடுத்தது அடிப்பலகையில் ஒட்டியிருந்த புறக்கோட்டைக் கடையொன்றின் சின்ன லேபல். விலாசத்தின் கடைசியில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நாடு சிறீலங்கா ஆனது 1972 மே 22இல். பழைய லேபலைக் கடைக்காரர் இன்னும் கொஞ்சக் காலம் ஒட்டியிருக்கலாம், அதற்கு ஓரிரு ஆண்டு விட்டுவிடுவோம். 1953க்குப் பிறகு, எழுபதுகளின் தொடக்கத்துக்குள். அதற்கு மேல் நெருங்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஐயாவிடம் அப்படியே சொன்னேன். “அப்ப அப்பு சின்னனா இருக்கேல்லையோ?” என்று கேட்டார். நான் பேசாமல் ஈயத்தை எடுத்தேன்.

பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்பும் பெரிய கப்பாசிற்றர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

மாங்குளத்திலிருந்து:

அண்ணை சொன்னதுக்கு எதிர்ப்பக்கமாக என்னிடம் ஒன்று. கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய பென்டர், அமெரிக்க நிறுவனத்தின் அம்ப்ளிபயர். முகப்புத் தகடு வெள்ளி நிறம். இதில் உள்ளே எல்லாம் இலக்கமாகவே கிடந்தது. ட்ரான்ஸ்போமரில் 606732. முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம், 606 என்றால் ஷூமாக்கர். அடுத்த 7 ஆண்டு, 32 கிழமை. சிக்கல் அந்த ஒற்றை 7. அது 57ஆ, 67ஆ, 77ஆ? வெள்ளித் தகடு இருப்பதால் 57 இல்லை. ஆனால் பென்டர் அந்தத் தகட்டை அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம்வரை போட்டது, ஆகவே மற்ற இரண்டும் நிற்கும்.

வொலியூம் திருகும் பொட்டன்ஷியோமீற்றரின் முதுகைப் பார்த்தேன். 1376719. 137 என்பது சிரிஎஸ் நிறுவனம், இதில் ஆண்டு இரண்டு இலக்கத்தில் வரும்: 1967, 19ஆம் கிழமை. பென்டர் 1966இல் வாங்கிக் குவித்த பொட்டன்ஷியோமீற்றர்களைப் பிறகும் சில ஆண்டுகள் போட்டது என்பது தெரிந்த கதை, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பத்து வருஷம் பழைய சரக்கை 77இல் போட்டிருக்கும் என்று நான் நம்பமாட்டேன். பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளிலும் ஒரு முத்திரை இருந்தது. இரண்டு எழுத்து, முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1951, அப்படியே எண்ணிப் போனால் கியூ 1967. மாதத்துக்குரிய இரண்டாம் எழுத்தை இங்கே வந்தபின் கறையான் தின்றுவிட்டது. கனடாக் குளிரில் ஐம்பது வருஷம் தப்பிய தாள், மாங்குளத்தில் ஒரு மாரிக்குத் தாங்கவில்லை!

ஆக, ஓகஸ்ட்டில் செய்த ட்ரான்ஸ்போமர் உள்ளே இருப்பதால் பெட்டி 1967 ஓகஸ்ட்டுக்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது. மாற்றாத பாகங்களில் மிகப் பிந்திய திகதி எதுவோ அதுதான் கணக்கு. பழைய திகதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் சாமானுக்கு வயது கூடும், அவ்வளவுதான்.

வவுனியாவிலிருந்து:

எங்களுடையது மார்ஷல் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் அம்ப்ளிபயர், அதனால் இவ்வளவு பாடு இல்லை. 1969இலிருந்து எண்பதுகள்வரை அவர்கள் தொடரிலக்கத்தோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து போட்டார்கள். எங்களுடையதில் எச், அதாவது 1976. பி, ஐ, ஓ போன்ற எழுத்துகளை விட்டுவிட்டார்கள், அதனால் ஏபிசிடி வரிசையில் விரல்விட்டு எண்ணினால் பிழைக்கும்.

மாங்குளம் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த பென்டரை எங்கள் 230 வோல்ட்டில் எப்படிப் போடுகிறீர்கள்?

மாங்குளத்திலிருந்து:

வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டுத்தான் அக்கா. வோல்ட் சரியாகும், ஆனால் கனடாக் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50, அதை அது மாற்றாது. அதனால் பென்டரின் சொந்த ட்ரான்ஸ்போமர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். இரண்டு பாட்டுக்கு ஒருக்கால் கையை வைத்துப் பார்க்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:

சூடு ஏறி எரிந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், சுற்றித் தரலாம். அந்த 606 இலக்கத்தை இப்பவே படம் எடுத்து வையுங்கள்.