பழைய சோலார் பனல்களும் பழைய பற்றரியும்: உப்புவெளி வீட்டுக்கு வாங்கலாமா?

வினா (உப்புவெளி, திருகோணமலை)

வணக்கம். கடற்கரைக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டில் சிறிய அளவில் சூரிய மின்சாரம் அமைக்க எண்ணியிருக்கிறேன். மூடப்பட்ட விடுதியொன்றிலிருந்து கழற்றிய 250 வாற்று பனல்கள் இரண்டு, அலுவலக யூபிஎஸ் ஒன்றில் இருந்த 12 வோல்ற்று 150 அம்பியர்-மணி ரியூபுலர் பற்றரி (குழாய்த் தகடுகள் கொண்ட ஈய-அமில வகை), பனலிலிருந்து பற்றரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். கொன்ரோலர் ஆகியவற்றை ஒன்றாகத் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். இரவில் 9 வாற்று எல்.இ.டி. குமிழ்கள் நான்கும் ஐந்து மணித்தியாலமும், 45 வாற்று மேசை விசிறிகள் இரண்டும் எட்டு மணித்தியாலமும் இயங்கினால் போதும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதால், மின்சாரம் தடைப்படும் இரவுகளில் விசிறி நின்றுவிடக் கூடாது. காசு கொடுப்பதற்கு முன் எவற்றை எப்படிப் பரிசோதிக்க வேண்டும்?

மறுமொழி 1 (கிண்ணியா)

முதலில் இரவுத் தேவையைக் கணக்கிடுவோம். குமிழ்களுக்கு 180, விசிறிகளுக்கு 720, மொத்தம் 900 வாற்று-மணி. பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். நீங்கள் சொல்லும் பற்றரி புதிதாக இருக்கும்போதே 1800 வாற்று-மணியைத்தான் தேக்கும். ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும் என்பதால், பயன்படுத்தக் கூடியது 900 மட்டுமே. யூபிஎஸ்ஸில் பல ஆண்டுகள் உழைத்த பற்றரி அதில் பாதியைத் தந்தாலே பெரிது. ஆகவே பனல்களைப் பழையனவாக வாங்குங்கள். பற்றரியைப் புதிதாக வாங்குங்கள். நல்ல பனல் ஆண்டொன்றுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே வலுவிழக்கும். பற்றரியோ வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே தகடுகளில் சல்பேற்று படிந்து செத்திருக்கக் கூடும்.

அப்படியும் பழைய பற்றரியைத்தான் எடுப்பதானால், விற்பவர் மல்ரிமீற்றரை வைத்து 12.7 வோல்ற்று காட்டினால் அதை மட்டும் நம்பாதீர்கள். சுமை இல்லாதபோது பழுதான பற்றரியும் அந்த அளவைக் காட்டும். முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, சில மணித்தியாலம் ஓயவிட்டு, வாகனத்தின் 55 வாற்று முன்விளக்குக் குமிழ்கள் இரண்டை அதில் எரிய விடுங்கள். ஏறக்குறைய 9 அம்பியர் இழுபடும். நல்ல பற்றரி ஆறேழு மணித்தியாலத்தின் பின்னும் 12 வோல்ற்றை ஒட்டியே நிற்கும். இரண்டு மணித்தியாலத்திலேயே 11.5 க்கு இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஓர் அறையின் அளவு மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால், அந்த ஓர் அறையே முழுப் பற்றரியையும் வீழ்த்திவிடும்.

அந்தக் கொன்ரோலரும் இந்தப் பனல்களுக்குப் பொருந்தாது. 250 வாற்று பனல்கள் பெரும்பாலும் 60 கலங்கள் கொண்டவை. அவை 30 வோல்ற்றில் ஏறக்குறைய 8 அம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். வகை பனலைப் பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்துவிடுவதால், 250 வாற்று பனலில் கிடைப்பது நூற்றுச் சொச்சமே. இரண்டையும் சமாந்தரமாக இணைத்து, பனலின் மின்னழுத்தத்தைப் பற்றரிக்கேற்ப மாற்றி அதன் வலுவை வீணாக்காமல் எடுக்கும் 40 அம்பியர் எம்.பி.பி.ரி. கொன்ரோலர் பூட்டுங்கள்.

மறுமொழி 2 (நிலாவெளி)

கடற்கரைப் பனல்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். நல்ல வெயிலில் ஒவ்வொரு பனலின் திறந்த மின்னழுத்தத்தையும் (எதனோடும் இணைக்காதபோது உள்ளதை) அளந்து பாருங்கள். 60 கலப் பனல் 37 வோல்ற்றை ஒட்டி வர வேண்டும். 25 அளவில் நின்றால், பின்புறப் பெட்டியிலுள்ள மூன்று டயோட்டுகளில் ஒன்று எரிந்து குறுக்கிணைந்திருக்கலாம். அது மாற்றக்கூடிய பழுதுதான், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்புறத் தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல வெள்ளைத் தூள் ஒட்டினாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ அந்தப் பனலை எடுக்காதீர்கள், ஏனெனில் மழைக்காலத்தில் அவ்வழியே ஈரம் உட்புகும். இணைப்பிகளைப் பிரித்து உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்று செம்பைத் தின்றிருக்கிறது, அவற்றை வெட்டிவிட்டுப் புதியன பொருத்த வேண்டும்.

கூரையில் பூட்டும்போது தெற்குப் பார்க்க ஏறக்குறைய 10 பாகை சரிவு போதும். 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி நமக்கு வடக்கே குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியதை மறந்துவிடாதீர்கள். தகரத்தில் மட்டும் திருகாணி இறுக்காமல், கீழுள்ள மரச்சட்டம் வரை பிடிக்கச் செய்யுங்கள். கச்சான் (வரண்ட தென்மேல் காற்று) வீசும் காலத்தில் படியும் புழுதியைக் காலையில், கண்ணாடி சூடேறும் முன் கழுவுங்கள்.

வினவியவர்

மிக்க நன்றி. பனல்களை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். வடகீழ்ப் பருவத்தில் நாட்கணக்கில் மூட்டமாக இருந்தால் என்ன செய்வது? பற்றரியை அம்மாவின் அறையிலேயே வைக்கலாமா?

மறுமொழி 1 (கிண்ணியா)

அறைக்குள் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவும் அமில ஆவியும் வெளிவரும்; மூச்சிரைப்பு உள்ளவருக்கு அது கூடவே கூடாது. மழை படாத, காற்றோட்டமான தாழ்வாரத்தில் பெட்டிக்குள் வையுங்கள். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே நேரோட்டத்துக்குரிய (டி.சி.) பியூஸ் போடுங்கள். வீட்டு மின்சாரத்துக்கான பிரேக்கர் நேரோட்டத்தில் எழும் தீப்பொறியை அணைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூட்ட நாட்களுக்கு, பற்றரியைப் பெரிதாக்குவதைவிடச் சுமையைக் குறைப்பது மலிவு. 20 வாற்று அளவிலுள்ள 12 வோல்ற்று விசிறிகளை நேரடியாகப் பற்றரியில் இணைத்தால், இரண்டுக்கும் எட்டு மணித்தியாலத்துக்கு 320 வாற்று-மணி போதும். இன்வேர்ட்டர் இழப்பும் இல்லை. குமிழ்களோடு சேர்த்து 500 அளவில் முடிந்துவிடும். மின்சாரம் இருக்கும் வேளையில் ஒரு சாதாரண சார்ஜரால் பற்றரியை நிரப்பி வைக்கலாம். ஆனால் இன்வேர்ட்டரின் வெளியீட்டை எக்காரணம் கொண்டும் வீட்டு பிளக்கில் செருகாதீர்கள். அந்த மின்சாரம் வீதி மின்கம்பிக்குத் திரும்பி, இருட்டில் லைன் திருத்துபவரின் கையில் போய் நிற்கும். தனி வயரிங் இழுங்கள், அல்லது உரிமம் பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு இரு மின்சாரமும் ஒன்றுசேராமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் சுவிட்ச் பூட்டுவியுங்கள்.