ஒக்கி புயல்ல போனவங்க வீட்டுல "சகலமும் நன்மைக்கு"ன்னு சொல்லலாமா?

அலைவாய்க்கரை:
எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நவம்பர் கடைசி வந்தா ரோமர் 8:28 வந்துரும், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதுன்னு. போடுறது மாமா ஒருத்தர், எங்க கோயில விட்டு பெந்தெகொஸ்தே சபைக்கு போனவர், கெட்ட மனசெல்லாம் கிடையாது. ஆனா அதே குரூப்ல சித்தியும் இருக்காங்க. சித்தப்பா தூத்தூர் பக்கத்து போட்டுல சுறா தூண்டிலுக்கு தங்கல் தொழில் (நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கறது) போனவர், 2017 ஒக்கியில போட்டோட போயிட்டாரு, உடம்பு கூட கிடைக்கல. இந்த வாட்டி மாமா வசனத்துக்கு கீழ "எடுத்துக்கொண்டதிலும் தேவ நோக்கம் உண்டு"ன்னு ஒரு லைன் சேர்த்திருந்தாரு. சித்தி ஒண்ணும் சொல்லல, குரூப்ல இருந்து வெளிய போயிட்டாங்க. நான் பூசை தவறாம போறவதான், நாத்திகம் பேச வரல. கேக்கறது இதுதான், நோக்கம் என்னன்னு தெரியாமலே அது இருக்குன்னு இன்னொருத்தர் வீட்டு சாவுக்கு நாம எப்படி சொல்றது?

ஏசாயா40_31:
பிரைஸ் தி லார்ட் சிஸ்டர். உங்க சித்திக்காக ஜெபிக்கிறேன். மாமா சொன்ன நேரம் சரியில்லாம இருக்கலாம், ஆனா வசனம் சரிதான். அத எழுதின பவுல் யாருன்னு பாருங்க, ஏசி ரூம்ல உக்காந்து எழுதின ஆள் கிடையாது. 2 கொரிந்தியர் 11ல அவரே லிஸ்ட் போடுறாரு, மூணு தரம் கப்பல் உடைஞ்சிருக்கு, ஒரு ராப்பகல் முழுக்க கடல்ல கிடந்திருக்காரு, அடி, சிறை, பட்டினி எல்லாம் பாத்துட்டு அப்புறம்தான் ரோமர் எழுதுறாரு. கடல்ல மிதந்த மனுஷன் சொல்ற வார்த்தைய கடல்ல இழந்தவங்களுக்கு சொல்லக்கூடாதுன்னா வேற யாருக்கு சொல்றது?

பழைய_பிரதர்:
மிதந்தவன் சொல்லலாம் பிரதர், முங்கினவன் சொல்ல முடியாதே. பொழச்சவன்தான் லெட்டர் எழுதுவான், சபையில சாட்சி சொல்றவனும் பொழச்சவன்தான். செத்தவன் சாட்சி எந்த மேடையில கேட்டிருக்கீங்க? அப்போஸ்தலர் 27ல பவுல் போன கப்பல் மெலித்தா தீவுகிட்ட உடையுது, 276 பேரும் கரை சேர்றாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி தூதன் வந்து ஒரு உயிர் கூட போகாதுன்னு சொல்லிட்டான். ஒக்கியில எந்த தூதன் வந்தான்? ஆழ்கடலுக்கு போய் நாள் கணக்கா ஆன போட்டுக்கு புயல் எச்சரிக்கையே போய் சேரல, கையில இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அதுக்கு மனுஷனுங்க பதில் சொல்லணும். "தேவ நோக்கம்"னு சொல்லிட்டா யாரும் பதில் சொல்ல வேணாம் பாருங்க, அதுதான் இந்த வார்த்தையோட பெரிய வசதி.

அலைவாய்க்கரை:
பிரதர் அது மட்டும் சரியில்ல. எங்க ஆளுங்க ஜெபமாலைய உருட்டிட்டு வீட்டுல உக்காரல. குழித்துறை ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்கான ஜனம் தண்டவாளத்துல உக்காந்துச்சு, பொம்பளைங்க கைக்குழந்தையோட, ஃபாதர்மாரும் கூடவே. தேட ஆள் வரலன்னதும் ஊர்க்காரங்களே போட்ட எடுத்துட்டு தேட போனாங்க. நம்பிக்கை இருக்கறவன் கேள்வி கேக்க மாட்டான்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

சும்மா_வந்தவன்:
நான் கிறிஸ்தவன் இல்ல, ஒரு டவுட். எங்க வீட்ல இதுக்கு தலையெழுத்துன்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாப்பாங்க. நீங்க சொல்ற நோக்கத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணு மாதிரிதான தெரியுது.

ஏசாயா40_31:
நல்ல கேள்வி நண்பா. தலையெழுத்துகிட்ட சண்டை போட முடியாது, அதுக்கு முகம் கிடையாது, காது கிடையாது. நாங்க நம்புறது ஒரு ஆளை. அவர்கிட்ட அழலாம், ஏன் கைவிட்டீர்னு கேக்கலாம், சிலுவையில இயேசுவே கேட்டாரு. ஒரு ஆள் செய்யறதுக்குத்தான் நோக்கம்னு ஒண்ணு இருக்க முடியும், எழுத்துக்கு என்ன நோக்கம்?

பழைய_பிரதர்:
அதுலதான் சிக்கலே இருக்கு. தலையெழுத்து மேல கோபப்பட முடியாது, ஓகே. ஒரு ஆள் தெரிஞ்சு செஞ்சான்னா கோபப்படலாம், கோபப்படணும்.

நாசரேத்காரன்:
ரெண்டு பேரும் யோபுவ தொடாமலே சுத்தி வர்றீங்க, பிள்ளைங்க, சொத்து, உடம்பு சுகம் எல்லாத்தையும் இழந்த மனுஷன். நம்ம ஊர்ல யோபுன்னா முதல் அதிகாரத்துல "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்", அப்புறம் நேரா கடைசி அதிகாரத்துல ரெட்டிப்பான ஆசீர்வாதம், நடுவுல உள்ளத யாரும் பிரசங்கம் பண்றது இல்ல. நடுவுல முப்பத்தஞ்சு அதிகாரத்துக்கு மேல அந்த மனுஷன் கத்துறான், பிறந்த நாள சபிக்கிறான், தேவன கோர்ட்டுக்கு கூப்பிடாத குறை. அவன் சிநேகிதங்க மூணு பேரும் வந்தப்ப முதல்ல நல்லாத்தான் நடந்துக்கிட்டாங்க, ஏழு நாள் ராப்பகலா அவன்கூட தரையில சும்மா உக்காந்திருந்தாங்க. வாய தொறந்தாங்க பாருங்க, அப்பதான் கெட்டுச்சு. தேவன் நீதியுள்ளவர், காரணம் இல்லாம எதுவும் நடக்காது, நீ என்னமோ பண்ணியிருப்ப. தனியா எடுத்து பாத்தா நம்ம ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மாதிரியே இருக்கும். 42:7ல தேவன் யார் மேல கோபப்படுறாரு? கத்தினவன் மேல இல்ல, தேவனுக்காக வக்காலத்து வாங்கினவங்க மேல. என்னை பத்தி யோபு பேசினது சரி, நீங்க பேசினது தப்புன்னு சொல்றாரு. அதுலயும் கடைசி வரைக்கும் யோபுகிட்ட காரணத்த சொல்லல. ஆரம்பத்துல தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்கு தெரியும், பட்டவனுக்கு தெரியாது.

அதே மாதிரி யோசேப்பு, அண்ணன்மாரே குழியில தள்ளி வித்துட்டவன். ஆதியாகமம் 50:20, நீங்க தீமை நினைச்சீங்க, தேவன் அத நன்மையா முடிய பண்ணினாருன்னு. யாரு சொல்றா? குழியில போடப்பட்டவனே சொல்றான், எத்தனையோ வருஷம் கழிச்சு. அந்த அண்ணன்மார் குழி ஓரத்துல நின்னு "தம்பி, இதுல ஒரு நோக்கம் இருக்கு"ன்னு சொல்லியிருந்தா எப்படி இருக்கும்? நோக்கத்த நம்பறது பட்டவங்களோட உரிமை. பக்கத்துல நிக்கறவன் அத அவங்களுக்காக முன்கூட்டியே சொல்றதுக்கு வேதத்துல லைசென்ஸ் கிடையாது.

ஏசாயா40_31:
ஐயா நல்லா சொன்னீங்க, ஆனா பாதி. பட்டவங்களே சொல்லணும்னா அவங்களுக்கு அத முன்னாடி யாராவது போதிச்சிருக்கணும் இல்லயா? புயல் வந்தப்புறம் நங்கூரம் செய்ய முடியாது. டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவ எடுத்துக்கோங்க, 1931ல விழுந்து அடிபட்டதுல இருந்து 1951ல இறக்கற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அந்த ரூம்ல இருந்தே புத்தகம் புத்தகமா எழுதினாங்க. வலியில எழுதினது இன்னைக்கும் உலகம் முழுக்க வலியில இருக்கறவங்க வாசிக்கறாங்க. இது தானா நடந்துச்சா? ரெண்டாவது, ஆமோஸ் 3:6 வாசிங்க, கர்த்தர் செய்யாம ஊர்ல தீங்கு வருமான்னு நேரா கேக்குது. அவர் கைய மீறி ஒண்ணு நடந்துச்சுன்னு சொன்னா அப்புறம் எந்த தேவன்கிட்ட ஜெபிக்கிறது?

நாசரேத்காரன்:
ஆமோஸ் யார்கிட்ட பேசுறாருன்னும் பாக்கணும் பிரதர். சமாரியாவுல தந்த வீடு கட்டிட்டு ஏழைய மிதிச்சவங்ககிட்ட பேசுறாரு. அத தூக்கிட்டு வந்து மிதிபட்டவன்கிட்ட வாசிச்சா அட்ரஸ் மாறிப்போன தபால். எரேமியா 29:11ம் அப்படித்தான், பாபிலோனுக்கு சிறைபட்டு போனவங்களுக்கு நல்ல முடிவு வரும்னு எழுதின லெட்டர், கல்யாண பத்திரிகை, காலண்டர், கார் கண்ணாடி எல்லாத்துலயும் ஒட்டிடறோம், முந்தின வசனத்துல எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. அந்த லெட்டர பாபிலோன்ல வாசிக்க கேட்ட பெரியவங்க முக்காவாசி பேர் திரும்பி வரவே இல்ல. அவங்களுக்கு சொன்ன உடனடி புத்தி என்ன? வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைய கட்டிக்குடு.

ஏமி அம்மா பத்தி எனக்கும் மரியாதை உண்டு, எங்க பாட்டி டோனாவூர் ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் பாத்தாங்க. ஆனா அவங்க தன் படுக்கைய பத்தி சொன்னாங்க. அதுதான் என் பாயிண்ட்.

பழைய_பிரதர்:
யோபு கதையில ஒண்ண விட்டுட்டீங்களே. அந்த முதல் பத்து பிள்ளைங்க? கூரை விழுந்து செத்தது அதுங்க. கடைசியில புதுசா பத்து குடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது. எந்த அம்மாகிட்டயாவது போய் கேளுங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாமான்னு.

ஏசாயா40_31:
அதுக்குத்தான் பதில் இருக்கு பிரதர், கவனிச்சு வாசிங்க. ஆடு 7000, திரும்ப 14000. ஒட்டகம் 3000, திரும்ப 6000. எல்லாம் ரெட்டிப்பு. பிள்ளைங்க மட்டும் திரும்பவும் பத்துதான், இருபது இல்ல. ஏன்? முதல் பத்தும் இல்லாம போகல, தேவன்கிட்ட இருக்கு, கூட்டி பாத்தா இருபதுதான். மிருகம் போனா போச்சு, பிள்ளைங்க போகல.

பழைய_பிரதர்:
இது பிரசங்கத்துக்கு நல்லா இருக்கு. எங்க அக்கா பிள்ளை இறந்தப்ப இதையே ஒரு ஜெபக்குழு வந்து சொல்லிச்சு, சொல்லிட்டு போறப்ப வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே ஒருத்தர் "விசுவாசம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா"ன்னு இன்னொருத்தர்கிட்ட சொன்னாரு, அக்கா உள்ள இருந்து கேட்டாங்க. நான் சபைக்கு போறத விட்டது அன்னைக்குதான். உங்க தேவன்கிட்ட எனக்கு அவ்வளவு கோபம் இல்ல, அவர் சார்பா பேசறவங்க மேலதான்.

அலைவாய்க்கரை:
அந்த "விசுவாசம் போதல" பேச்சுக்கு எங்க அன்பியத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க கூடி ஜெபிக்கற குழு) ஒரு வயசான அம்மா நல்லா பதில் சொன்னாங்க. அப்போஸ்தலர் பணி 12ம் அதிகாரம். ஏரோது யாக்கோபை வாளால வெட்டிடறான், ஒரே வரியில முடிஞ்சுது. அடுத்து பேதுருவ பிடிக்கிறான், தூதன் வந்து சங்கிலிய அவுத்து கூட்டிட்டு போறாரு, அது அரை அதிகாரத்துக்கு விலாவாரியா. ரெண்டு பேரும் ஒரே ஏரியில வலை போட்டவங்க, ஒரே ஆண்டவரோட திரிஞ்சவங்க. பேதுரு வந்து கதவ தட்டின ராத்திரி எல்லாரும் கொண்டாடியிருப்பாங்க, செபதேயு பெண்டாட்டி, அதான் யாக்கோபோட அம்மா, அங்க இருந்திருந்தா அந்தம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? யாக்கோபுக்கு விசுவாசம் கம்மின்னு எவனாவது சொல்லுவானா?

வேளாங்கண்ணி_நடைபயணி:
இருந்தாலும் அற்புதம் இல்லன்னு சொல்லாதீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமில வேளாங்கண்ணி பேராலயத்துக்குள்ள தண்ணி ஏறல, பூசையில இருந்தவங்க தப்பிச்சாங்க.

அலைவாய்க்கரை:
அண்ணே, கடற்கரையில நின்னவங்களும் கடைத்தெருவுல நின்னவங்களும் மாதாவ பாக்க வந்தவங்கதானே. பூசை முடிச்சுட்டு கால் நனைக்க போன குடும்பத்துக்கு என்ன சொல்லுவீங்க? கொஞ்சம் லேட்டா கிளம்பியிருக்கலாம்னா?

வார்டு_சிஸ்டர்:
நான் கேன்சர் வார்டுல வேலை பாக்குற நர்ஸ். ரெண்டு சைடும் புத்தகம் வச்சு பேசறீங்க, நான் பாத்தத சொல்றேன். விசிட்டிங் டைம்ல வர்றவங்கள்ல பாதி பேர் பேஷண்ட பாத்து பேசறது இல்ல, தன் பயத்துக்குத்தான் பேசறாங்க. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டே வேகமா ஒரு வசனம், கண்ண மூடி சத்தமா ஒரு ஜெபம், ஆமென் சொன்ன கையோட ஆரஞ்சு பைய வச்சுட்டு கிளம்பிருவாங்க. அப்புறம் ராத்திரி பேஷண்ட் என்னை கூப்பிட்டு "நான் என்ன பாவம் சிஸ்டர் பண்ணேன்"னு கேப்பாங்க. யோவான் 9ல சீஷர்கள் கேட்ட அதே கேள்வி, இவனா பாவம் பண்ணான், பெத்தவங்களான்னு. ரெண்டும் இல்லன்னு இயேசு சொன்னது யாருக்கும் ஞாபகம் வர்றதே இல்ல.

ஆனா பழைய பிரதர், உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அதே வார்டுல ஒரு பாட்டி, பேச்சே குறைஞ்சு போச்சு, ரோமர் 8 மட்டும் முழுசா மனப்பாடமா வாய்க்குள்ள ஓடிட்டே இருக்கும், டிரெஸ்ஸிங் மாத்தறப்பல்லாம் அதான். அந்த அம்மாகிட்ட போய் இது பொழச்சவன் எழுதின லெட்டர்னு சொல்ல எனக்கு தைரியம் கிடையாது, சொல்லவும் கூடாது. அவங்க பிடிச்சிட்டு இருக்கறத பிடுங்கறது எனக்கு நியாயமா படல.

பழைய_பிரதர்:
பிடுங்க சொல்லல சிஸ்டர். திணிக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

ஏசாயா40_31:
சரி, நானும் ஒண்ணு நேரா கேக்கறேன். நோக்கம்னு சொல்லக்கூடாது, அப்போ அந்த சித்திக்கு நீங்க என்ன குடுக்கறீங்க? "சும்மா காத்தடிச்சுது, உங்க வீட்டுக்காரர் போயிட்டாரு, காரணம் ஒண்ணும் இல்ல"ன்னா? அது எப்படி ஆறுதல் ஆகும்? நாங்க சொல்றதுல வலிச்சாலும் ஒரு கை இருக்கு. நீங்க சொல்றதுல கடலும் காத்தும்தான் இருக்கு.

பழைய_பிரதர்:
ஆறுதல் இல்லதான். ஆனா பொய்யும் இல்ல. அத விட முக்கியம், யார் தன் புருஷன எடுத்தாங்களோ அவங்களையே ஸ்தோத்திரம் பண்ணணும்ங்கற பாரம் அந்தம்மா மேல விழாது. துக்கத்துலயும் நல்ல பிள்ளையா நடிக்கணும்னு எதிர்பாக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்கு தாங்கல.

நாசரேத்காரன்:
நடிக்க வேணாம்னு வேதமே சொல்லுது. சங்கீதம் 88 எடுத்து வாசிங்க, எஸ்ராகியனாகிய ஏமான் பாடினது. மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில "ஆனாலும் துதிப்பேன்"னு திரும்பிரும், இது திரும்பவே இல்ல, இருட்டுலயே முடியுது. அதையும் பாட்டு புஸ்தகத்துல சேர்த்து ஆலயத்துல பாட வச்சிருக்காங்க. நம்ம பாட்டு புஸ்தகத்துல அப்படி ஒரு பாட்டு காட்டுங்க பாப்போம்.

கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸ் 1940ல துன்பத்த பத்தி லாஜிக்கா அழகா ஒரு புத்தகம் போட்டாரு. 1960ல மனைவி கேன்சர்ல இறந்தாங்க. அடுத்த வருஷம் வெளிவந்த அவர் புத்தகம் வேற மாதிரி, உடைஞ்சு போய் தேவன்கிட்ட சண்டை போட்டு எழுதினது, தன் பேர் கூட போடாம புனைபெயர்ல வந்துச்சு. விசுவாசத்த விடல அவர். ஆனா முதல் புத்தகத்த எடுத்து தனக்கே வாசிச்சுக்கல.

ஏசாயா சொன்ன கை இருக்குன்னு நானும் நம்பறேன். தேவன் போட்ட கவுத்தாருன்னு சொல்றது வேற, கவுந்தத வச்சும் அவரால ஏதோ செய்ய முடியும்னு சொல்றது வேற. ரோமர் 8:28ல எனக்கு தெரியறது ரெண்டாவதுதான். அதே அதிகாரத்துல 26ம் வசனம், என்ன ஜெபிக்கறதுன்னே நமக்கு தெரியாது, ஆவியானவர் வாக்குக்கு அடங்காத பெருமூச்சோட வேண்டுறாருன்னு இருக்கு. மொதல்ல பெருமூச்சு, அதுக்கு அப்புறம்தான் நன்மை. மாமா ரெண்டு வசனம் முன்னாடி நின்னிருந்தா போதும்.

ஏசாயா40_31:
ஐயா, இந்த ரெண்டாவது அர்த்தத்துல நான் உங்களோட ஒத்துப்போகல. எடுத்தது அவர் இல்லன்னா யோபு 1:21 என்ன ஆகுது? யோபு பேசினது சரின்னு 42ல தேவனே சொல்றாருன்னு நீங்கதான் மேல எழுதினீங்க, அப்போ "கர்த்தர் எடுத்தார்"ங்கறதும் சரிதானே. எங்க சபையில இத வார்த்தைக்கு வார்த்தை நம்பறோம். உயிர்த்தெழுதல் இருக்கறதாலதான் நம்ப முடியுது, 1 கொரிந்தியர் 15 இல்லன்னா ரோமர் 8 வெறும் ஆறுதல் கார்டுதான்.

பழைய_பிரதர்:
இது நேர்மையான பேச்சு. அப்போ "அன்னைக்கு தெரியும்"னு சொல்லுங்க, "இன்னைக்கே தெரியும்"ங்கற மாதிரி சொல்லாதீங்க. அந்த அன்னைக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல, அது வேற சண்டை.

ஏசாயா40_31:
அந்த சண்டைக்கு தனியா திரெட் போடுங்க, கண்டிப்பா வர்றேன். ஆனா யோபு 1:21க்கு நாசரேத் ஐயா இன்னும் பதில் சொல்லல.

நாசரேத்காரன்:
சொல்றேன், ஆராதனை முடிச்சுட்டு வர்றேன். 1:21 சொன்ன அதே வாய்தான் 3:1ல பிறந்த நாள சபிச்சுது, அதையும் சேர்த்துத்தான் தேவன் சரின்னாரான்னு அதுவரைக்கும் யோசிச்சு வைங்க.