எஸ்யூவி மீட்டர் கிளஸ்டர்: முழுசாக மாற்றுவதா, ரிப்பேர் போதுமா?

நண்பர்களே, வணக்கம். என் எஸ்யூவியின் மீட்டர் கிளஸ்டரில், அதாவது எல்லா மீட்டர்களும் சேர்ந்த டாஷ்போர்டு பாகத்தில், ஸ்பீடோமீட்டர் முள் ஓட்டத்திலேயே பூஜ்யத்துக்கு விழுகிறது. டாஷ்போர்டின் மேல்பக்கம் தட்டினால் மறுபடி எழுகிறது. இன்ஜினை அணைத்த பிறகும் டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிற்கிறது. ஃபியூஸ், பேட்டரி எர்த் எல்லாம் சரி. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் வேகம் ஒழுங்காக வருவதால் சென்சார் மேல் சந்தேகமில்லை. முள்ளைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டாரோ, போர்டில் விட்டுப்போன சால்டரோதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் முழு கிளஸ்டரையும் மாற்றச் சொல்கிறார். வேறு வண்டியில் கழற்றிய ஒன்று கிடைக்கிறது. ஆனால் பல வண்டிகளில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு கிளஸ்டரின் மெமரியில்தான் இருக்கிறது. சிலவற்றில் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) அதோடு சேர்ந்தே வேலை செய்கிறது. மாற்றியபின் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது? கிலோமீட்டர் தப்பாகக் காட்டினால், நாளைக்கு வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும். அது எனக்கு வேண்டவே வேண்டாம்.

மோட்டாரை மட்டும் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டயல் கீறாமல் முள்ளை எப்படிக் கழற்றினீர்கள், திரும்ப எந்த இடத்தில் வைத்து அழுத்தினீர்கள்? அப்புறம், என் வண்டியின் உண்மையான கிலோமீட்டர் கணக்கை வேறு கிளஸ்டருக்கு முறையாக மாற்றித் தருபவரிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்க வேண்டும்? கிளஸ்டரை இன்னும் கழற்றவில்லை, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.