குறைப்பிரசவ அபாயம்: ஸ்கேன் அறையிலும் பிரசவ வார்டிலும் பார்ப்பவை

ஸ்கேன் பிரிவிலிருந்து:
முந்தைய குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறந்திருந்தால், 16 முதல் 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கருப்பை வாயின் நீளத்தை அளப்பது வழக்கம். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உஷாராகிவிட வேண்டும். ஆனால் அந்த அளவையே தப்பாக எடுத்துவிடலாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் வாய் நீளமாகத் தெரியும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அப்படித்தான். அதனால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பின் உள்வழியாக, அழுத்தாமல் மூன்று முறை அளந்து, இருப்பதிலேயே குறைந்ததை எழுதுகிறோம். அவசரப்படவும் கூடாது. சில நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான், கருப்பை வாயின் உள்பக்கத் திறப்பு புனல் மாதிரி விரிந்து மூடுவது சிலருக்குக் கண்ணில் படும்.

பிரசவ வார்டிலிருந்து:
வலி என்று வந்தவுடன் கையை விட்டுப் பார்க்கக் கூடாது. பிரசவம் நெருங்குகிறதா என்று பிறப்புறுப்புத் திரவத்தில் உள்ள ஒரு புரதத்தை வைத்துப் பார்க்கும் ஃபைப்ரோனெக்டின் பரிசோதனைக்கான பஞ்சுக்குச்சியை முதலில் எடுக்க வேண்டும். ஜெல், ரத்தம், முந்தைய 24 மணி நேரத்துக்குள் தாம்பத்திய உறவு, எது இருந்தாலும் முடிவை நம்ப முடியாது. 'நெகட்டிவ்' வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவமாக வாய்ப்பு மிகக் குறைவு. அதுதான் இந்தப் பரிசோதனையின் பலம். 'பாசிட்டிவ்' வந்தவர்களில் பலர் மாதம் நிறைந்த பிறகே பெறுகிறார்கள். பனிக்குடம் உடைந்திருந்தால் விரல் பரிசோதனையை முடிந்தவரை தவிர்ப்போம், தொற்று மேலேறிவிடும்.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பையும் கருப்பைச் சுருக்கத்தையும் பதியும் சிடிஜி கருவி, வலி எப்போது வருகிறது என்று காட்டும். எவ்வளவு பலமானது என்று காட்டாது. அதைக் கையை வைத்துத்தான் உணர வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்:
கருப்பைச் சுருக்கத்தை அடக்கும் நிஃபெடிபின் மருந்து கொடுப்பது பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட அல்ல. ஸ்டீராய்டு வேலை செய்ய 48 மணி நேரம் கிடைத்தால் போதும். அந்த ஸ்டீராய்டுதான் பீட்டாமெத்தசோன்: 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, குழந்தையின் நுரையீரலுக்காக. 32 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கிவிட்டால், குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் உண்டு. அது ஓடும்போது முழங்கால் அனிச்சை (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுவது), மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். அனிச்சை போனால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும்.

கட்டிலை விட்டு இறங்காதே என்று இன்னும் சொல்கிறார்கள். அதனால் குறைப்பிரசவம் தடைபடுவதாக ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் மிச்சம். எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை ஒன்று ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துவிடுங்கள். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும்.